கான்ஸ்டுக்குள் பாயிண்டர் ஒப்பீடு மறுக்கப்பட்டால்: அறிகுறி வாரியாக ஒரு ரஸ்ட் வழிமுறை

பம்ப் மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் சிறிய பலகை ஒன்றுக்கு ரஸ்ட் மொழியில் ஃபர்ம்வேர் (பலகைக்குள்ளேயே ஓடும் நிரல்) எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு டிஎம்ஏ சேனல்கள் (செயலியின் கை படாமல் தரவை நகர்த்தும் வழிகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு பஃபர் (தரவு தங்கும் நினைவக இடம்). சேனல் அட்டவணையில் பஃபர்களின் முகவரிகளை ரா பாயிண்டர்களாக வைத்திருந்தேன். வெட்டி ஒட்டும் அவசரத்தில் இரண்டு சேனல்களுக்கு ஒரே பஃபரைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் அளவீடுகளுக்குப் பேய் பிடித்ததுபோல் இருந்தது. தவற்றைக் கண்டுபிடித்த பிறகு, இனி இது நடக்கவே கூடாது என்று, எந்த இரண்டு சேனலும் ஒரே பஃபரைச் சுட்டவில்லை என்பதைக் கம்பைல் நேரத்திலேயே, அதாவது கான்ஸ்டுக்குள், சோதிக்க இரண்டு வரி எழுதினேன். கம்பைலர் அந்த இரண்டு வரியையும் திருப்பி என் முகத்தில் எறிந்தது.

அதற்குப் பிறகு இதே வட்டாரத்தில் நான் முட்டிக்கொண்ட இடங்களை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் திரையில் தெரியும் பிழையோடு பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றுக்கான காரணம் அதில்தான் இருக்கிறது. உங்களிடம் இருப்பது 1.85 அல்லது அதற்குப் பிந்தைய ஸ்டேபிள் பதிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் காட்டுகிறேன், தட்டும்போது வழக்கமான எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.


அறிகுறி: == போட்டதும் "கான்ஸ்ட் கணிப்பில் பாயிண்டர்களை நம்பகமாக ஒப்பிட முடியாது" என்று மறுப்பு

இந்தப் பிழைக்கு ஈ என்று தொடங்கும் எண் கிடையாது. செய்தியின் அடியில் 53020 என்ற இஷ்யூ எண் மட்டும் இருக்கும். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

கான்ஸ்ட் மோதல்: பூல் = (&ரா கான்ஸ்ட் வரவு) == (&ரா கான்ஸ்ட் செலவு);

வரவு, செலவு இரண்டும் தனித்தனி ஸ்டாட்டிக் (நிரல் ஓடும் வரை ஒரே இடத்தில் இருக்கும்) பஃபர்கள். இவை வேறு வேறு என்பது குழந்தைக்கும் தெரியுமே, கம்பைலருக்கு ஏன் தெரியாது?

கம்பைல் நேரத்தில் பாயிண்டர் என்பது எண் அல்ல என்பதுதான் பதில். கான்ஸ்டுகளைக் கணக்கிடுவது கம்பைலருக்குள் இருக்கும் ஓர் இன்டர்பிரெட்டர்; மிரி என்ற சோதனைக் கருவி ஓடுவதும் அதே எஞ்சினில்தான். அதன் உள்ளே ஒரு பாயிண்டரில் இரண்டு தகவல்கள்தான் உண்டு: எந்த ஒதுக்கீடு (நினைவகத்தில் ஒரு பொருளுக்கான இடம்), அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி. புதிய மனைப்பிரிவின் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். மனை எண் இருக்கும், மனையின் அளவு இருக்கும், கதவு எண் மட்டும் இருக்காது. வீடு கட்டி முடித்த பிறகு மாநகராட்சி கொடுப்பது அது. இங்கே மாநகராட்சியின் வேலையை லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து முகவரி கொடுக்கும் கருவி) செய்கிறது. கணினியிலோ சர்வரிலோ ஓடும் நிரலாக இருந்தால், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இயங்குதளம் முகவரிகளை மறுபடி நகர்த்தி வைக்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ரிலொகேஷன் பதிவில் இருப்பதும் ஒரு சிம்பலின் பெயரும் அதோடு கூட்ட வேண்டிய எண்ணும்தான்.

சரி, முகவரி தெரியாவிட்டாலும் ஒதுக்கீடுகள் வேறு என்று தெரியுமே, "சமமில்லை" என்று சொல்லிவிடலாமே? நானும் அப்படித்தான் வாதாடினேன். மூன்று இடங்களில் அந்த வாதம் உடைகிறது. ஒரே உள்ளடக்கம் கொண்ட இரண்டு மாறிலிகளை ஒரே இடத்தில் வைத்துவிடக் கம்பைலருக்கும் லிங்கருக்கும் உரிமை உண்டு. ஓர் அணியின் முடிவைத் தாண்டி ஓர் அடி தள்ளி நிற்கும் பாயிண்டரும், நினைவகத்தில் அடுத்து வரும் பொருளின் தொடக்கமும் ஒரே முகவரியாக இருக்கலாம். பூஜ்ய அளவுள்ள வகைகளுக்கோ இடமே தேவையில்லை. இரண்டு பொருள்கள் ஒரே முகவரியில் நிற்கலாம். கம்பைல் நேரத்தில் "வேறு" என்று சொன்ன பதில், ஓடும்போது "ஒன்று" என்று மாறினால் என்ன ஆகும்? அந்தப் பதிலை வைத்து ஓர் அணியின் நீளத்தையே நிர்ணயித்திருக்கலாம். வகை அமைப்பின் அடித்தளமே ஆடிவிடும்.

பூல் வகைக்கு உண்மை, பொய் என்ற இரண்டு பதில்கள்தான் உண்டு. இங்கே தேவைப்படுவதோ "இப்போது சொல்ல முடியாது" என்ற மூன்றாவது பதில். அதனால் ரஸ்ட் ஆபரேட்டரையே அடைத்துவிட்டது. மதிப்புகளைப் பார்க்காமல் வகையை மட்டும் பார்த்தே மறுக்கிறது. எனவே ஒரு பாயிண்டரை அதனோடேயே ஒப்பிட்டாலும் இதே செய்திதான் வரும். சி++ பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இது எரிச்சல் தரும். அங்கே கம்பைல் நேரக் கணிப்பான கான்ஸ்ட்எக்ஸ்பிஆரில் இரண்டு தனி மாறிகளின் முகவரிகளை == கொண்டு ஒப்பிடலாம், < போட்டால்தான் மறுப்பு. ஆனால் அங்கேயும் அணியின் முடிவைத் தாண்டிய பாயிண்டரை வேறொரு பொருளின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் மறுப்புதான். வேலி வேறிடத்தில் இருக்கிறது, அவ்வளவே.

இனித் தீர்வு. பாயிண்டரிடம் கேட்க நினைத்த கேள்வியை, பாயிண்டர் ஆவதற்கு முன் இருந்த தகவலிடம் கேளுங்கள். என் அட்டவணையில் செய்தது இதுதான். நான்கு பஃபர்களையும் ஒரே அணிக்குள் கொண்டுவந்தேன். சேனல் ஒவ்வொன்றும் பாயிண்டருக்குப் பதிலாக அந்த அணியின் இன்டெக்ஸை வைத்துக்கொண்டது. பெயரில்லாத ஒரு கான்ஸ்டுக்குள் இரட்டை வைல் சுழற்சி போட்டு, இரண்டு சேனல்களின் இன்டெக்ஸ் ஒன்றாக இருந்தால் அசர்ட் (நிபந்தனை பொய்த்தால் நிறுத்திவிடும் சோதனை) விழும்படி எழுதினேன். கான்ஸ்டுக்குள் சுழற்சி 1.46இலிருந்தும், பேனிக் 1.57இலிருந்தும் அனுமதி. ஃபார் சுழற்சி மட்டும் ஓடாது, வைல்தான். பாயிண்டர் தேவைப்படும் ஒரே இடம் டிஎம்ஏ ரெஜிஸ்டரில் எழுதும் வரி. அங்கே, ஓடும் நேரத்தில், இன்டெக்ஸிலிருந்து பாயிண்டரை உருவாக்கிக்கொள்ளலாம். வேண்டுமென்றே இரண்டு சேனல்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். கம்பைலர் சேனல் அட்டவணைக்குப் பக்கத்திலேயே சிவப்புக் கோடு போட்டது. இரண்டு நாள் பேயோட்டிய வேலை இரண்டு நொடியில் முடிந்தது.

வன்பொருள் ரெஜிஸ்டர்களின் முகவரிகளை ஒப்பிட வேண்டியிருந்தால் இன்னும் சுலபம். அவை ஆரம்பத்திலேயே எண்கள்தானே. யூசைஸாகவே (முழு எண் வகை) வைத்து, யூசைஸாகவே ஒப்பிட்டு, கடைசி அடியில் பாயிண்டராக மாற்றுங்கள். எண்ணிலிருந்து பாயிண்டருக்குப் போவது கான்ஸ்டில் தடையில்லை. திரும்பி வருவதுதான் முடியாது.


அறிகுறி: ஈ0015, கான்ஸ்ட் அல்லாத ஃபங்ஷனை அழைக்கிறீர்கள் என்று வருகிறது

== மறுக்கப்பட்டதும் கை தானாகப் பிடிஆர்::ஈக்யூ பக்கம் போகும். அது கான்ஸ்ட் ஃபங்ஷன் அல்ல, ஆகவே இந்த எண். காரணம் மேலே சொன்னதுதான். வேறு வாசல், அதே பூட்டு.

ஆனால் இதே எண் வேறொரு காரணத்துக்காகவும் வரும். ரெஃபரன்ஸ்களுக்கு இடையே == போட்டால் ரஸ்ட் முகவரிகளை ஒப்பிடுவதில்லை, அவை சுட்டும் மதிப்புகளை ஒப்பிடுகிறது. அதற்கு டிரெய்ட் வழியாக ஓர் அழைப்பு தேவை, அந்த அழைப்பு ஸ்டேபிள் கான்ஸ்டில் இல்லை. இரண்டு சரங்களைக் கம்பைல் நேரத்தில் ஒப்பிட முயன்றால் இங்கேதான் வந்து நிற்பீர்கள். உங்களுக்குத் தேவை உள்ளடக்க ஒப்பீடு என்றால் பாயிண்டர் பேச்சே வேண்டாம். அஸ்_பைட்ஸ் மூலம் பைட்டுகளை எடுத்து, முதலில் நீளத்தையும் பிறகு ஒவ்வொரு பைட்டாகவும் வைல் சுழற்சியில் சரிபாருங்கள். பத்து வரிதான். அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.


அறிகுறி: பாயிண்டரை யூசைஸாக மாற்ற விடமாட்டேன் என்கிறது, டிரான்ஸ்மியூட் போட்டால் ஈ0080

இரண்டாவது குறுக்கு வழி இது: முகவரியை எண்ணாக்கி, எண்களை ஒப்பிடலாம் என்ற யோசனை. அஸ் யூசைஸ் என்று எழுதினால், கம்பைல் நேரத்தில் பாயிண்டருக்கு எண் மதிப்பு இல்லை என்று நேராகவே சொல்லிவிடும். டிரான்ஸ்மியூட் (பைட்டுகளை அப்படியே வேறு வகையாகப் படிப்பது), யூனியன் என்று சுற்றி வந்தாலும் அது வரையறையற்ற நடத்தையில் போய் முடியும் என்று அதே செய்தியின் குறிப்பிலேயே எச்சரிக்கையும் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

நான் படிக்கவில்லை. டிரான்ஸ்மியூட் போட்டேன், ஈ0080 வந்தது. பாயிண்டரை முழு எண்ணாக மாற்ற முடியவில்லை, பாயிண்டரின் அறுதி முகவரி கம்பைல் நேரத்தில் தெரியாது என்று விளக்கமும் சேர்ந்தே வந்தது. அதாவது எஞ்சின் அந்தப் பைட்டுகளைப் பார்க்கிறது; அவற்றில் எண் இல்லை, "இன்ன ஒதுக்கீடு" என்ற சீட்டு ஒட்டியிருக்கிறது. அதை யூசைஸாகப் படிக்கும் நொடியிலேயே நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. இந்த உத்தியைக் கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் வைத்து, அந்த ஃபங்ஷனை ஓடும் நேரத்தில் மட்டும் அழைத்தால் எந்தப் பிழையும் வராது. வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதைக் கான்ஸ்டிலிருந்து அழைக்கும்போது வெடிக்கும். அதனால் ஒரு கான்ஸ்ட் ஃபங்ஷன் எழுதியவுடன், அதைப் பெயரில்லாத கான்ஸ்டில் ஒருமுறை அழைத்து வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

முகவரியின் அலைன்மென்டை (அது எந்த எண்ணின் மடங்கு என்பதை) கான்ஸ்டில் சோதிக்க நினைத்து இங்கே வந்திருந்தால், அதையும் முகவரியிடம் கேட்காதீர்கள். வகையிடம் கேளுங்கள்: அலைன்_ஆஃப் கான்ஸ்டில் ஓடும். வகைக்கு ரெப்ர் அலைன் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.


அறிகுறி: வெற்றுப் பாயிண்டரா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும், அதுவும் முடியவில்லை

முதலில் ஒரு சொல் விவகாரம். நல் பாயிண்டர் என்று எழுதினால் தமிழில் நல்ல பாயிண்டர் என்று படிக்கிறது. நடப்பது நேரெதிர், ஆகவே வெற்று என்றே எழுதுகிறேன்.

பாயிண்டரை வெற்றுப் பாயிண்டரோடு == போட்டு ஒப்பிட்டால் முதல் பகுதியில் சொன்ன அதே மறுப்பு. இஸ்_நல் என்ற மெத்தடை அழையுங்கள்; 2025 ஜனவரியில் வெளியான 1.84 முதல் அது கான்ஸ்டில் ஸ்டேபிள். அதற்கு முந்தைய பதிப்பில் நின்றுகொண்டிருந்தால் உங்கள் பிழைக்குக் காரணம் அதுதான், பதிப்பை உயர்த்துங்கள்.

இதற்கு மட்டும் எப்படி அனுமதி? ஓர் ஒதுக்கீட்டின் எல்லைக்குள் நிற்கும் பாயிண்டர் பூஜ்ய முகவரியாக இருக்கவே முடியாது. அதைச் சொல்ல முகவரி தெரிய வேண்டியதில்லை. எல்லைக்கு வெளியே ராப்பிங்_ஆட் போன்றவற்றால் தள்ளிக்கொண்டு போன பாயிண்டராக இருந்தால், அது சுற்றி வந்து பூஜ்யத்தில் விழுமா என்று சொல்ல முடியாத நிலை வரலாம். அப்போது இஸ்_நல் ஊகிக்காமல் பேனிக் ஆகிவிடும், கம்பைல் அங்கேயே நிற்கும். அப்படி ஒரு பேனிக்கைப் பார்த்தால் இஸ்_நல்லைக் குறை சொல்லாதீர்கள். அதற்கு முன் பாயிண்டரை நகர்த்திய வரியைத் தேடுங்கள்.

உங்கள் சொந்த நிரலாக இருந்தால், ஸ்டாட்டிக் ரெஃபரன்ஸை ஆப்ஷனுக்குள் வைத்துவிடுவதே என் விருப்பம். இருக்கிறதா இல்லையா என்பதை மேட்ச் சொல்லிவிடும். நினைவகத்தில் அது ஒரு பாயிண்டருக்கு மேல் ஒரு பைட் கூட எடுக்காது.


அறிகுறி: எது முன்னே, எது பின்னே; ஆஃப்செட்_ஃப்ரம் ஈ0080 தருகிறது

< குறிக்கும் == குறிக்கும் ஒரே கதி. ஆனால் வரிசை விஷயத்தில் ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு பாயிண்டர்களும் ஒரே ஒதுக்கீட்டுக்குள் இருந்தால் ஆஃப்செட்_ஃப்ரம் அவற்றுக்கு இடையே எத்தனை உறுப்புகள் என்று சொல்லும். 2022 நவம்பரில் வந்த 1.65 முதல் இது கான்ஸ்டில் ஸ்டேபிள். விடை குறை எண்ணானால் முதலாவது முன்னே இருக்கிறது, பூஜ்யமானால் இரண்டும் ஒரே இடம். ஒரே மனைக்குள் கிணறு எங்கே, வாசல் எங்கே என்று சொல்லக் கதவு எண் தேவையில்லையே. ஒரே அணிக்குள் இருக்கும் பாயிண்டர்களுக்கு == செய்ய வேண்டிய வேலையும் இதிலேயே முடிந்துவிடும். அன்சேஃப் தொகுதிக்குள்தான் அழைக்க முடியும். பூஜ்ய அளவுள்ள வகையைக் கொடுத்தால் பேனிக் ஆகும்.

இரண்டும் ஒரே ஒதுக்கீட்டிலிருந்து வரவில்லை என்று ஈ0080 குற்றம் சாட்டினால், பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். பஃபர்களை ஒரு அணிக்குள்ளோ ஒரு ஸ்ட்ரக்டுக்குள்ளோ கொண்டுவாருங்கள்.

கொண்டுவர முடியாத ஒரு வழக்கு உண்டு, ஃபர்ம்வேர் எழுதும் எல்லோரும் ஒருநாள் அதில் மாட்டுவார்கள். லிங்கர் ஸ்கிரிப்டில் ஒரு பகுதியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு சிம்பல்கள் வைத்திருப்போம். ரஸ்டில் அவற்றை எக்ஸ்டர்ன் ஸ்டாட்டிக்காக அறிவித்து, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பகுதி 8 கேபிக்குள் அடங்குகிறதா என்று கான்ஸ்ட் அசர்ட் போடலாம் என்று தோன்றும். கம்பைலரின் கண்ணுக்கு அவை இரண்டு தனித்தனி அந்நியப் பொருள்கள். இடைவெளி எவ்வளவு என்பது அதற்குத் தெரிய வழியே இல்லை. அந்த எண் இன்னும் பிறக்கவில்லை.

எண் பிறக்கும் இடம் லிங்கர், ஆகவே சோதனையையும் அங்கேயே வையுங்கள். ஜிஎன்யூ லிங்கர், எல்எல்டி இரண்டின் ஸ்கிரிப்டுகளிலும் அசர்ட் என்ற கட்டளை உண்டு. நிபந்தனை ஒன்று, அது பொய்த்தால் காட்ட வேண்டிய செய்தி ஒன்று. பொய்த்தால் லிங்க் நின்றுவிடும், பலகையில் ஏற்ற கோப்பே இருக்காது. கார்டெக்ஸ்-எம்-ஆர்டி என்ற ரஸ்ட் கிரேட்டின் (நூலகத்தின்) லிங்கர் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் இப்படிப்பட்ட அசர்ட்கள் வரிசையாக நிற்கும். மாதிரிக்கு அதையே பாருங்கள். நான் ரஸ்டுக்குள்ளேயே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு மாலையை வீணாக்கிய பிறகுதான் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

அதே நீளம் ஓடும் நேரத்திலும் தேவைப்பட்டால், அங்கே இரண்டு சிம்பல்களின் முகவரிகளையும் எண்ணாக்கிக் கழியுங்கள். ஓடும் நேரம்தானே என்று ஆஃப்செட்_ஃப்ரம் போடாதீர்கள். ஒரே ஒதுக்கீடு என்ற நிபந்தனை அங்கேயும் உண்டு. மீறினால் சொல்லத்தான் ஆள் இருக்காது.


அறிகுறி: கம்பைல் ஆகிறது, ஆனால் டீபக்கில் ஒரு விடை, ரிலீஸில் வேறு விடை

ஒப்பீட்டை ஓடும் நேரத்துக்குத் தள்ளியாயிற்று, பிழை போய்விட்டது, பிரச்சினை போகவில்லை. முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே: ஒப்பிடப்படும் பொருள் கான்ஸ்டா, ஸ்டாட்டிக்கா?

கான்ஸ்ட் என்பது ஒரு மதிப்பின் பெயர், ஓர் இடத்தின் பெயர் அல்ல. பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் அந்த மதிப்பு புதிதாக வந்து உட்காரும். அதன் முகவரியை இரண்டு ஃபங்ஷன்களில் எடுத்தால் இரண்டு முகவரிகள் வரலாம், ஒன்றாகவும் வரலாம். வேறு பெயருள்ள, ஒரே மதிப்புள்ள இரண்டு கான்ஸ்டுகள் ஒரே முகவரிக்குள் போகவும் கூடும். "இதுதான் காலி" என்று காட்ட ஒரு அடையாளப் பொருளைக் கான்ஸ்டாக வைத்து, அதன் முகவரியோடு ஒப்பிடும் நிரலை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். ஆப்டிமைசேஷன் நிலை மாறும் வரை ஒழுங்காக ஓடும்.

முகவரி முக்கியமென்றால் ஸ்டாட்டிக். அதற்கு ஓர் இடம், ஒரே இடம். பூஜ்ய அளவுள்ள வகையாக மட்டும் இருக்கக்கூடாது. குறைந்தது ஒரு பைட்டாவது வையுங்கள். ஸ்டாட்டிக்கின் முகவரியைக் கான்ஸ்டுக்குள் எடுப்பது 2024 நவம்பரில் வந்த 1.83க்கு முன் ஸ்டேபிளில் முடியாது. கம்பைலர் மறுத்துவிடும். பலர் கான்ஸ்டுக்குத் தாவியதற்கு அந்தப் பழைய தடையும் ஒரு காரணம். இப்போது அந்தச் சாக்கு இல்லை.


அறிகுறி: டின் பாயிண்டர்களோ ஃபங்ஷன் பாயிண்டர்களோ தாறுமாறாக ஒத்துப்போகின்றன

ஒரே பொருளைச் சுட்டும் இரண்டு டின் பாயிண்டர்கள் (டிரெய்ட் வழியாகப் பொருளைச் சுட்டுபவை) சமமில்லை என்று வந்தால், உள்ளே இருக்கும் விடேபிள் (மெத்தட்களின் அட்டவணை) முகவரிதான் குற்றவாளி. ஒரே விடேபிளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உருவாகலாம். 1.76இல் வந்த அட்ர்_ஈக்யூ தரவின் முகவரியை மட்டும் ஒப்பிடும், அதைப் பயன்படுத்துங்கள். அதே பதிப்பிலிருந்து கம்பைலரும் இதற்கு எச்சரிக்கை கொடுக்கிறது.

ஃபங்ஷன் பாயிண்டரில் இரண்டு பக்கமும் அடி. உடல் ஒன்றாக இருக்கும் இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றாக இணைக்கப்படலாம். ஒரே ஃபங்ஷன் வெவ்வேறு கோட் தொகுதிகளில் இரண்டாகவும் பிறக்கலாம். 1.85இல் எச்சரிக்கையும், தெரிந்தே ஒப்பிடுவோருக்கு எஃப்என்_அட்ர்_ஈக்யூவும் வந்தன. எது எந்தக் கையாளி என்று அறிய வேண்டுமென்றால் ஒவ்வொன்றோடும் ஒரு எனம் (பெயரிட்ட சில தெரிவுகளில் ஒன்றைக் குறிக்கும் வகை) சேர்த்து வைத்து அதை ஒப்பிடுங்கள். எனம் கான்ஸ்டிலும் ஓடும். மேட்ச் போட்டால் போதும்.


அறிகுறி: நைட்லியில் கேரன்டீட்_ஈக்யூ கிடைத்தது, ஆனால் எப்போதும் நன் வருகிறது

தேடி அலைந்தவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இது. நைட்லி என்ற சோதனைப் பதிப்பில் மட்டும் கிடைக்கும் கேரன்டீட்_ஈக்யூ, கேரன்டீட்_என்ஈ இரண்டும் அதே 53020 இஷ்யூவின் கீழ் இன்னும் நிலைப்படுத்தப்படாமல் இருப்பவை. முதலில் பூல் கொடுத்துக்கொண்டிருந்தன, பிறகு ஆப்ஷனுக்கு மாற்றினார்கள். மேலே தேடிய மூன்றாவது பதில் அங்கே நன் என்ற பெயரில் வருகிறது. ஆபரேட்டரையே அன்சேஃபாகத் திறந்துவிடும் ஒரு ஃபீச்சரும் முன்பு நைட்லியில் இருந்தது, அதை நீக்கிவிட்டார்கள். பழைய பதிவுகளில் அதைப் பார்த்தால் தேடாதீர்கள்.

நன் வருவது பிழையல்ல, அது நேர்மையான பதில். எந்த ஜோடிக்கு உறுதியான விடை, எந்த ஜோடிக்கு நன் என்பது கம்பைலர் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்று ஆவணமே சொல்கிறது. ஆகவே நன் வந்தாலும் சம் (உறுதியான விடை) வந்தாலும் நிரலின் இறுதி விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டு ஸ்லைஸ்களை ஒப்பிடும் முன், பாயிண்டரும் நீளமும் ஒன்றென்று உறுதியாகத் தெரிந்தால் பைட் சுழற்சியைத் தாண்டிப் போகலாம். தெரியாவிட்டால் சுழற்சி ஓடட்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு இது சரி. என் டிஎம்ஏ சோதனையை இதை வைத்தும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். நன் வந்தால் என்ன செய்வது என்ற கிளையில் அசர்ட் விழ வேண்டுமா, விழக் கூடாதா என்று எழுத முடியாமல் கை நின்றது. கோப்பை மூடிவிட்டு இன்டெக்ஸ் அட்டவணைக்கே திரும்பிவிட்டேன்.